ஈரத்தில் அளந்த சீட்டு

பாதுகாப்புப் பட்டையைக் கடைசி அங்குலம் வரை உருவி இழுத்து, அதன் நுனியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறார் சீட்டக்கா. காரை விற்கிறவர் சாவியும் கையுமாகப் பக்கத்திலேயே நிற்கிறார். வாங்க வந்தவர் வெட்கப்பட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்க்கிறார். அக்காவுக்கு இருவரைப் பற்றியும் கவலை இல்லை. பட்டையைச் சட்டென்று விட்டு, அது சுருட்டிக்கொண்டு உள்ளே போகும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார். பிறகு ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் மண்டியிட்டு, அதன் வலது ஓரத்தை இரண்டு கையாலும் பிசைகிறார்.

"அறுபதாயிரம் கிலோமீட்டர்னு மீட்டர் சொல்லுது. ஒன்றரை லட்சம்னு சீட்டு சொல்லுது. நான் யாரை நம்பட்டும் சார்?"

இதை முதன்முதலில் என் பக்கத்து வீட்டு வாசலில் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விற்றவர் ஒரு பேராசிரியர். யாரும் அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவரோ முகம் சிவந்து, மீட்டர் ஒருமுறை "பழுதாகி மாற்றப்பட்டதை" அப்போதுதான் நினைவுகூர்ந்தார்.

அக்காவின் தொழில் கார் இருக்கைகளுக்கு உறை தைப்பது. பெட்ரோல் பங்குக்குப் பின்னால் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு கடை, மூன்று தையல் இயந்திரங்கள், கூரை வரை ரெக்ஸின் சுருள்கள். கூடத் தைக்கிற இரண்டு பெண்களில் ஒருவர் அவருடைய நாத்தனார். அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. தொழிலுக்கு வந்து இருபத்தொன்பது வருடங்கள் ஆகின்றன. "சீட்டக்கா" என்று என் மகள் முதலில் சொன்னபோது, யாரோ ஏலச்சீட்டு நடத்துகிறவர் என்று நினைத்து, "அந்த அம்மாவிடம் ஒரு காசு கொடுத்துவிடாதே" என்று எச்சரித்தேன். இதை அக்காவிடம் அவள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து என்னைப் பார்த்தால், "என்ன ஐயா, இந்த மாசச் சீட்டு கட்டியாச்சா?" என்பார்.

ஒரு காரை எத்தனை வருடம், எவ்வளவு கனமான ஆள் ஓட்டினார், பின்னால் குழந்தைகள் உட்கார்ந்தார்களா, மூட்டைகளா என்பதெல்லாம் இருக்கையைத் தொட்டாலே அவருக்குத் தெரியும். அதனால் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அவரைத் துணைக்கு அழைத்துப் போகிறார்கள். அதற்குக் கூலி வாங்குவதில்லை. வாங்கிய காருக்கு அவரிடம்தான் உறை தைக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

விலை பேசும்போது அவர் வாயிலிருந்து ஓர் எண்கூட வராது. விற்பவர் ஒரு விலை சொன்னதும், "அப்புறம்?" என்பார். அதோடு சரி. பிறகு அவர் பாட்டுக்கு ரெக்ஸினில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நகத்தால் கிள்ளிக்கொண்டிருப்பார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் எதிராளி தானே அடுத்த விலைக்கு இறங்குவார். வானிலை நிலையத்தில் முப்பத்தாறு வருடம் மழை அளந்தவன் ஆகையால் எதையும் அளக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. சென்ற மாதம் வரை நான் கடிகாரத்தில் பார்த்ததில், அக்காவின் மௌனங்களில் மிகச் சிறியது பதினோரு விநாடி. மிகப் பெரியது இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. அந்தப் பெரிய மௌனத்தின்போது விற்பவருடைய மனைவியே உள்ளிருந்து வந்து விலையைக் குறைத்துவிட்டுப் போனார்.

"நான் ஒரு நம்பர் சொல்லிட்டா பேச்சு அதைச் சுத்தியேதான் நடக்கும் ஐயா. சும்மா இருந்தா அவங்க மனசுல இருக்கற நம்பர் வெளிய வந்துடும்."

ஆனால் அவரை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு அபாயமும் உண்டு. ஒரு ரொட்டிக் கடைக்காரருக்காகப் பேசப் போனார். விற்பவர் தனியாக இருக்கும் ஒரு நர்ஸ் அம்மா. அவர் சொன்ன விலையைக் கேட்டதும் ரொட்டிக் கடைக்காரருக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அக்கா தலையை ஆட்டினார்.

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? நாலு டயரும் போட்டு ஆறு மாசம் ஆகலை. பேட்டரி புதுசு. இன்னும் சேத்துக் கேளுங்க."

ரொட்டிக் கடைக்காரர் வெலவெலத்துப் போனார். "அக்கா, நீங்க எந்தக் கட்சி?"

"நான் வண்டி கட்சி. எடுக்கறதுன்னா எடுங்க, இல்லேன்னா நான் வேற ஆளுக்குச் சொல்றேன்."

அவர் எடுத்தார். உறையும் அக்காவிடமே தைத்தார். தைத்து முடியும் வரை பேசவில்லை.

சென்ற மாதம் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து ஐம்பதுக்கு என் இளைய மகளுக்குக் கார் பார்க்கப் போனோம். நோயாளிகளின் வீட்டுக்கே போய் உடற்பயிற்சி சிகிச்சை கொடுப்பது அவள் வேலை. ஒரு மருத்துவமனை அவளை ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்துக்கொள்ள இருந்தது. சொந்தக் கார் கட்டாயம். பதினைந்து நாள்தான் அவகாசம். அவளிடம் இருந்தது நான்கு லட்சம்.

போன இடம் பெரிய சாலையில் உள்ள பழைய கார் விற்பனைக் கூடம். அக்காவின் வருமானத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. மாதம் பத்துப் பதினோரு கார்களுக்கு அந்த முதலாளி அவரிடம் உறை தைத்து வாங்குகிறார். அவர் வழுக்கைத் தலையர், கலகலப்பானவர்.

"வாங்கக்கா! இன்னைக்கு யார் தலையைத் தடவப் போறீங்க? என் தலையையா?"

"அதுல தடவ என்ன தம்பி மிச்சம் இருக்கு?"

மகளுக்குப் பிடித்தது ஒரு வெள்ளி நிறக் கார். ஏழு வயது. உள்ளே புதுக் கார் போலப் பளிச்சென்று இருந்தது. அக்கா வழக்கம்போலப் பட்டையை இழுத்து மோந்தார். நான்கையும் மோந்தார்.

"எல்லாப் பட்டையும் புதுசா இருக்கே?"

"பழசு நைஞ்சு போச்சுக்கா. நம்ம கடையிலேருந்து போற வண்டி சுத்தமா போகணும்ல?"

நான்கு தொண்ணூறு என்றார் முதலாளி. அக்கா "அப்புறம்?" என்றார். இருபத்து மூன்று விநாடியில் நான்கு எழுபது ஆயிற்று. அடுத்த "அப்புறம்?" பதினான்கு விநாடி. நான்கு நாற்பது. அதன் பிறகு அக்கா வாயைத் திறக்கவே இல்லை. ஆறே விநாடியில் முதலாளி, "சரி, அக்காவுக்காக நாலு. ரவுண்டா முடிச்சுக்கலாம்" என்றார். என் மகள் சந்தோஷத்தில் என் முழங்கையைக் கிள்ளினாள். முன்பணக் காசோலையை எடுக்கப் பையைத் திறந்துவிட்டாள்.

அக்காவின் புருவம் சுருங்கியது. "ஏன் தம்பி இப்படி ஓடறீங்க? நான் இன்னும் கேக்கவே இல்லையே?"

"அக்கா கூட வந்தவங்களாச்சேன்னுதான்."

"நேத்தும் நான் அக்காதானே? நேத்து அந்த சிவப்பு வண்டிக்கு அஞ்சாயிரம் இறங்க அரை நாள் ஆக்குனீங்க."

சொல்லிக்கொண்டே பின்கதவைத் திறந்து, பின் இருக்கைக்கும் முதுகுச் சாய்வுக்கும் இடையே உள்ள இடுக்கில் கையை நுழைத்தார். நுழைத்த கை அப்படியே நின்றது. ஊசி ஏதோ குத்திவிட்டது என்றே நினைத்தேன். கையை வெளியே எடுத்து விரல் நுனியைப் பார்த்தார். மறுபடியும் உள்ளே விட்டுத் தடவினார்.

"தம்பி, இது நான் தைச்சது."

முதலாளி சிரித்தார். "இங்க இருக்கற அத்தனையும் உங்க கைதானேக்கா?"

"அதைச் சொல்லலை. இது தனியா வந்த சீட்டு. எப்பவும் வண்டியைத்தான அனுப்புவீங்க? இதுக்கு சீட்டை மட்டும் கழட்டி ஆட்டோவுல போட்டு அனுப்புனீங்க. ஈரமா இருந்துச்சு."

எங்களுக்குப் புரியவில்லை என்று தெரிந்து, என் மகளின் கையைப் பிடித்து அந்த இடுக்கில் விட்டார். உறையின் அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ஒரு விரல் அகலத்துக்குத் துணியை மடித்துப் பிடித்துத் தைத்திருந்தது.

"தெரியுதா பாப்பா? ஸ்பாஞ்சு தண்ணி குடிச்சு உப்பியிருந்துச்சு. எனக்குத் தெரியலை, அப்படியே அளந்து வெட்டிட்டேன். மாடியில மூணு நாள் காய வெச்சு உறையை மாட்டினா, தொளதொளன்னு நிக்குது. இருபத்தொம்பது வருஷத்துல நான் அளவு தப்பினதே இல்லை. கண்ணு மங்கிப்போச்சு போலன்னு என்னையே திட்டிக்கிட்டு, அடியில மடிச்சுப் பிடிச்சுத் தைச்சேன். என் கண்ணு நல்லாத்தான் இருந்திருக்கு."

"சீட்டைக் கழுவினோம்க்கா. அதான் ஈரம்" என்றார் முதலாளி. சிரிப்பு அப்படியே இருந்தது. குரல் மட்டும் மாறிவிட்டது.

"கழுவினா மேல நனையும். இது அடி வரைக்கும் ஊறியிருந்துச்சு தம்பி. வெள்ளத்து வாடை போகாதுன்னுதான் பட்டை நாலையும் மாத்தியிருக்கீங்க."

எப்போது வந்தது என்று கேட்டேன். பெரிய மழை முடிந்து ஒரு வாரம் இருக்கும் என்றார் அக்கா. அந்த மழை எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் மாடியில் மழைமானி வைத்திருக்கிறேன். அன்று காலை எட்டரை வரை பெய்தது இருநூற்றுப் பதினேழு மில்லிமீட்டர். இருமுறை அளந்து சரிபார்த்து, தேதி போட்டு எழுதிவிட்டு, கீழே இறங்கி வந்து காபி குடித்தேன். அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று, எதற்குள் புகுந்தது என்று அந்தக் கணம்வரை நான் ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை. இப்போது அதன் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். அது பளபளவென்று மெருகேறி, நான்கு லட்சம் விலையில் இருந்தது.

முதலாளி அக்காவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"மூணுக்கு முடிச்சுடறேன்க்கா. அவங்களுக்கும் லாபம், உங்களுக்கும் நல்லது. அடுத்த வாரம் பதினோரு வண்டி வருது. அதுங்களுக்கு உறை யாரு தைக்கணும், நீங்களே சொல்லுங்க."

"மூணா?" என்றாள் என் மகள். அவள் குரலில் இருந்த ஆசை என்னைத் திடுக்கிட வைத்தது. என் மனமும் அதே கணத்தில் நான்கிலிருந்து மூன்றைக் கழித்துக்கொண்டிருந்தது என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். "அக்கா, மிச்சம் ஒரு லட்சம் இருக்கே. அதுல ரிப்பேர் பண்ணி ஓட்டிக்க முடியாதா?"

அக்கா பதில் சொல்லாமல் முன்னிருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, அடியில் இருந்த ஒரு மஞ்சள் இணைப்பைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கம்பிகளில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது.

"வண்டி எங்கயாவது மோதினா ஒரு பை விரியணும்ல, அதுக்குப் போற வயர் இது. விரியுமா விரியாதான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. இதுக்கு விலையே பேசக் கூடாது பாப்பா. மூணுக்கும் கூடாது, சும்மா குடுத்தாலும் கூடாது."

மகள் காசோலையைப் பைக்குள் வைத்து மூடினாள்.

முதலாளி கைகளைக் கட்டிக்கொண்டார். அக்காவின் குரலிலேயே, அதே இழுப்போடு, "அப்புறம்?" என்றார். தூரத்தில் நின்ற விற்பனையாளர்கள் இருவர் சிரித்தார்கள்.

அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். எத்தனை விநாடி என்று நான் பார்க்கவில்லை.

"அன்னைக்கு நான் கேட்டேன் தம்பி. ஏன் ஈரம்னு உங்க டிரைவர்கிட்ட கேட்டேன். கழுவினோம்னான். ரெண்டாவது தடவை கேக்கலை. கையில வேலை இருந்துச்சு, கேக்கலை."

"நாளையிலேருந்து எதையும் கேக்க வேண்டாம். நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

"பாருங்க" என்றார் அக்கா.

நானும் மகளும் வாசல் பக்கம் நடந்தோம். அக்கா பின்னால் வருகிறார் என்றே நினைத்தோம். பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். கார்கள் வரிசையாக நின்றன, ஒன்பது கார்கள். மூன்றாவதாக நின்ற வெள்ளைக் காரை ஒரு குடும்பம் பார்த்துக்கொண்டிருந்தது. கணவர் வெளியே நின்று விலை பேசிக்கொண்டிருந்தார். மனைவி கைக்குழந்தையோடு பின் இருக்கையில் உட்கார்ந்து, புது உறையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அந்தக் கதவைத் திறந்தார். "கொஞ்சம் எந்திரிங்கம்மா. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வெளிய வாங்க. நான் தைச்ச உறைதான், இதுலயும் தண்ணி புகுந்திருக்கான்னு பிரிச்சுப் பாத்துடறேன்."

"அக்கா!" என்று முதலாளி அங்கிருந்தே கத்தினார். "அது என் வண்டி! கையை வெச்சீங்கன்னா நடக்கறதே வேற!"

குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் பெண் மிரண்டு இறங்கினார். அக்கா பையிலிருந்து பிளேடை எடுத்தார். வாயில் கவ்வி அதன் காகிதத்தைப் பிரித்துத் துப்பினார். இருக்கையின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி, தன் தையலை ஒரு முனையிலிருந்து அறுக்கத் தொடங்கினார்.