கைப்பெட்டிக்குள் அடங்கும் மூச்சு

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல் நிற்பது என் வீட்டுக்காரர் சுபாவம். டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார். கடலடியில் மீன்களைப் படம் பிடிப்பது தொழில். அதற்கு ரீபிரீதர் மாட்டிக்கொள்வார். விட்ட மூச்சைச் சுத்தம் செய்து மறுபடி அவருக்கே தரும் கருவி அது. குமிழி வராது, மீன் மிரளாது.

பழைய கருவி சின்ன பீரோ கனம். போன பயணத்தில் விமானத்தில் அது வந்து சேரவில்லை. மீனெல்லாம் கடலில், இவர் கரையில். அதனால் கைப்பெட்டியில் அடங்கும் ஒன்றைத் தேடினார். கடைக்காரர் இரண்டைக் கொடுத்தனுப்பினார். முதுகில் மாட்டுவது ஒன்று, மார்பில் மாட்டும் சின்னது ஒன்று. கூடத்தில் கால் வைக்க இடமில்லை.

"எதை வாங்கலாம், சொல்லு."

"எது உங்களைத் திருப்பிக் கொண்டுவந்து விடுமோ அதை."

"ரெண்டும் கொண்டுவரும். எது பெட்டியில அடங்கும்னு கேக்குறேன்."

தண்ணீரில் இறங்குமுன் மூக்கை அடைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்து அதில் மூச்சு விட்டுப் பார்க்க வேண்டும். பயிற்சி கொடுத்தவர் தலைப்பாடாக அடித்துக்கொண்ட விதி. இவராவது, உட்காருவதாவது!

ஞாயிற்றுக்கிழமை சின்னதைப் பெட்டியில் வைத்துப் பார்த்தார். கெட்ட காற்றை உறிஞ்சும் சுண்ணாம்புக் குருணையைப் போகிற ஊரிலேயே வாங்கலாமென்று, கனம் குறைய அதை ஒரு டப்பாவில் கொட்டிவிட்டார். பெட்டி மூடிக்கொண்டது. "அடங்கிடுச்சு!" என்று குதித்தார். உடனே வெளியே எடுத்து மார்பில் மாட்டி, மூக்கை அடைத்து, குழாயை வாயில் கவ்விக்கொண்டு, சட்டைகளை மடித்தபடி அறைக்கு அறை நடந்தார்.

"பாஸ்போர்ட் எங்க?" என்று கேட்டேன். விரலை வளைத்து 'சரி' என்று காட்டினார். மறுபடி கேட்டேன். மறுபடி 'சரி'. மாடிப்படி ஏறியவர் போல மார்பு ஏறி இறங்கியது. முகம் சிவந்திருந்தது. கருவியின் திரையில் ஆக்சிஜன் அளவு ஒழுங்காகத்தான் இருந்தது. அப்போதுதான் மேசைமேல் குருணை டப்பாவைப் பார்த்தேன்.

"என்னங்க, குருணை வெளியில இருக்கு!"

அதற்கும் 'சரி'.

குழாயைப் பிடுங்கி எறிந்தேன். முதுகில் ஓர் அடி வைத்தேன். தரையில் சரிந்து மூச்சு வாங்கினார்.

"தண்ணிக்குள்ள வந்து யாருங்க புடுங்குவா?"

தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

மறுநாள் அவரே குருணையை நிரப்பி, தட்டித் தட்டி அமுக்கினார். சின்னதையே மாட்டிக்கொண்டு, நாற்காலியை என் எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குழாயைக் கவ்வினார்.

கல்யாணமான நாளிலிருந்து, நான் பேச ஆரம்பித்தால் இவர் எழுந்து போய்விடுவார். இன்றைக்கு விடுவேனா?

"நீங்க கிளம்புற ஒவ்வொரு தடவையும் உங்க சட்டை ஒண்ணைத் துவைக்காம எடுத்து வச்சுக்குறேன். வராமப் போயிட்டா வாசனையாவது இருக்கட்டும்னு."

அவர் கண் நிறைந்து வழிந்தது. ஐந்து நிமிடம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை.