மெஹர்பானு நிரப்பாத நான்கு கட்டங்கள்

பேனா மூடியைப் பல்லால் கடித்து இழுத்த பிறகுதான் மெஹர்பானு குறுக்கெழுத்தில் கை வைப்பார். பென்சில் ஆகாது. "பென்சில் எடுக்கிறவன் தோக்கப் போறோம்னு தெரிஞ்சே வர்றவன்" என்பார். போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் கணவர் நூர்முகம்மதுவோடு குடைக்கடை நடத்துகிறார். கண்ணாடி போட இடமில்லாத அளவுக்கு மூக்கின்மேல் கோபம்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பேப்பர் சென்னையிலிருந்து பிளேனில் வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். மழையில் பிளேன் இறங்காமல் திரும்பிப் போனால் அன்றைக்குக் குடை வாங்க வந்தவர்கள் பாவம். "இந்தக் கலர் வேணாமா? அப்ப நனைஞ்சுக்கிட்டே போங்க" என்று சொல்லியே அனுப்பியிருக்கிறார்.

புதிர் போடுகிறவரின் புனைபெயர் புதிரரசன். மெஹர்பானுவுக்கு அவர் 'அந்தப் பய'தான். ஒருமுறை அந்தப் பய 'விடிந்ததும் வாசலில் விழுவது (6)' என்று கேட்டிருந்தார். ராத்திரி காற்றடித்தால் விடிகாலையில் வாசலில் என்ன கிடக்கும் என்று தீவில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். யோசிக்காமல் 'தென்னைமட்டை' என்று எழுதினார். ஆறு எழுத்தும் கச்சிதம். அடுத்த வாரம் விடை வந்தது: செய்தித்தாள். "அரே, எங்க ஊருல பேப்பரு எப்படா விடிஞ்சதும் வந்துச்சு?" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை வங்காளி எழுந்தே நின்றுவிட்டார்.

இத்தனை வருஷத்தில் சரியான விடை எழுதியவர்கள் பட்டியலில் அவர் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. முன்பெல்லாம் தபால் கப்பலேறிப் போய்ச் சேருவதற்குள் கெடு முடிந்துவிடும். இப்போது சாயங்காலம் ஆறு மணிக்குள் வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பினால் போதும். ஆனாலும் ஏதாவது ஒரு கட்டம் காலை வாரிவிடுகிறது. 'மெஹர்பானு, போர்ட் பிளேர்' என்று ஒரே ஒரு தரம் அச்சில் பார்த்துவிட வேண்டும். அந்த ஆசையை அவர் மறைத்ததும் இல்லை.

போன ஞாயிறு பேப்பர் போடும் காத்தமுத்து தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். "தீதி, இந்த வாரம் அந்தமான் ஸ்பெஷலு! நம்ம ஊரு, விட்றாதீங்க!"

விடுவாரா? மரமறுக்கும் ஆலை உள்ள தீவு, சாத்தம். சேற்று எரிமலை, பாராடாங். பேனா தடதடவென்று ஓடியது. மிஞ்சியது ஒன்றே ஒன்று, சாத்தத்தின் 'த'விலிருந்து கீழே இறங்கும் நான்கு கட்டம். 'அந்தமானுக்கு மாற்றல் வந்தால் அரசு ஊழியருக்கு இது.' பேனா நின்றுவிட்டது.

குடைக்கம்பி மாட்டிக்கொண்டிருந்த நூர்முகம்மது எட்டிப் பார்த்தார். "தண்டனை. சரியா வருதே! எழுது மெஹரு. வர்ற வாரம் உம் பேரு வந்துரும்."

"எங்களுக்குத் தெரியாதாக்கும்?" என்றார் மெஹர்பானு. குரல் தாழ்ந்திருந்தது. அது தாழ்ந்தால்தான் பயப்பட வேண்டும் என்று நூர்முகம்மதுவுக்குத் தெரியும். "எம் பேரு வரணும்னா எங் கையாலயே இத எழுதணுமா? ராம்நாட்டுல ஒரு கல்யாணத்துல ஒருத்தி கேட்டா, உங்க வாப்பாவ என்ன கேசுல அங்க அனுப்புனாங்கன்னு. சோத்துல கை வச்சிருந்தேன், அப்படியே எந்திரிச்சு வந்துட்டேன். மழை ஓயாத ஊரு, குடை விக்கும்னு சொந்தமா டிக்கெட் எடுத்துக் கப்பலேறி வந்த மனுசன் அவரு. நான் இங்க பொறந்தவ. நான் தண்டனையிலயா பொறந்தேன்?"

"விளையாட்டுக்குப் போட்டிருப்பான்."

"பக்வாஸ்! அவனுக்கு விளையாட்டு. இதையே படிச்சு வளந்துட்டுத்தான் ஒவ்வொரு டாக்டரும் வாத்தியாரும் வந்து எறங்குன அன்னிக்கே மெயின்லேண்டுக்குத் திரும்ப அர்ஜி எழுதுறான். நோவுல கெடக்குறது யாரு? நாமதான்!"

நூர்முகம்மது மறுபடியும் குடைக்கம்பியைக் கையில் எடுத்தார்.

ஐந்தரைக்கே பஜார் இருட்டிவிட்டது. மெஹர்பானு விளக்கைப் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார். மனசு மாறிவிட்டாள் என்று நூர்முகம்மது நிம்மதியாக மூச்சு விட்டார். எழுத்து விழவில்லை. அந்த நான்கு வெள்ளைக் கட்டங்களையும் ஓரம் பிசகாமல், அச்சடித்த கறுப்புக் கட்டங்கள் மாதிரியே, மை தீட்டி அடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த 'த' சாத்தத்துக்கும் சேந்ததாச்சே! அதுவும் போகுதே!"

"போகட்டும்."

தாள் கிழியாதபடி கடைசிக் கட்டத்தின் மூலையையும் நிரப்பினார். கீழே பெயரையும் ஊரையும் கொட்டை எழுத்தில் எழுதினார். மை காய ஊதிவிட்டு, இரண்டும் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துப் படமெடுத்து அனுப்பினார்.