துப்பாக்கி மனுவும் உறவல்லாத இரண்டு பேரும்

நியூ ஜெர்ஸியின் மலைப்பக்கத்து ஓட்டர்கில்லில் கைத்துப்பாக்கி வாங்குவதென்றால் முதலில் லுவெல்லா டெக்கரைத் தாண்ட வேண்டும். காவல் நிலையத்தின் முன்னறையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், முப்பத்தொரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடுபவர் காவல் தலைவர்தான். எந்த இடத்தில் போடவேண்டும் என்று விரல் வைத்துக் காட்டுவது லுவெல்லா. அரசாங்கம் என்பது அந்த விரல்தான் என்று ஊரில் பலர் நம்பினார்கள். அவளும் மறுத்ததில்லை.

கைரேகை கொடுக்க வேண்டும், பழைய வழக்கு ஏதும் இருக்கக்கூடாது, மனநல மருத்துவப் பதிவுகளைப் பார்க்கச் சம்மதம் தரவேண்டும். இதெல்லாம் சுலபம். நற்சான்று சொல்ல உறவல்லாத இரண்டு பேர் வேண்டும் என்பதில்தான் சிக்கல். ஓட்டர்கில்லில் யாரைத் தொட்டாலும் யாருக்காவது மச்சான். உறவில்லாமல் மிஞ்சுகிறவர்கள், பெண் கொடுத்துப் பெண் எடுக்க முடியாத அளவுக்குச் சண்டை போட்டவர்கள் மட்டுமே. ஒருவனின் யோக்கியதையை அவன் பகையாளியிடமே விசாரிக்கும் இந்த ஏற்பாட்டை வகுத்த மேதை யாரென்று தெரியவில்லை.

நவம்பரில் வில்மர் கிப் வந்தார். எழுபத்திரண்டு வயது, லுவெல்லாவுக்குச் சித்தப்பா முறை. மனைவி எத்னா இறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

“எதுக்கு சித்தப்பா துப்பாக்கி?”

“நரி வருது. கோழியைத் தூக்குது.”

எத்னாவின் கோழிகளை அடக்கம் முடிந்த மறுநாளே அவர் தானம் செய்துவிட்டது லுவெல்லாவுக்குத் தெரியும். அதில் மூன்று அவள் வீட்டில்தான் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. ஆனால் படிவத்தில் கோழி பற்றிக் கேள்வி இல்லை. மனைவி செத்துப்போனாளா, அதற்குப் பிறகு தூங்குகிறாயா என்றும் இல்லை. அவள் மனுவை வாங்கிக்கொண்டாள்.

நற்சான்றுக்கு மாட்டு வைத்தியரையும், வேறு வழியில்லாமல் பக்கத்துப் பண்ணை ஹார்லன் ஸ்னூக்கையும் எழுதியிருந்தார். வேலித் தகராறில் ஹார்லனும் அவரும் பேசிப் பத்தொன்பது வருஷம்.

வைத்தியர் ‘நல்லவர்’ என்று எழுதி அனுப்பினார். ஹார்லனின் கடிதத்தை லுவெல்லா இரண்டு முறை படித்தாள்: ‘பிடிவாதக்காரன். வேலியை நாலடி தள்ளிப் போட்டவன். ஆனால் நல்ல மனுஷன். இப்போது கொடுக்காதீர்கள். விடியவிடிய அவன் சமையலறையில் விளக்கு எரிகிறது.’

நற்சான்றில் எழுதியதை மனுதாரரிடம் சொல்வதில்லை என்பது அவளுடைய முப்பத்தொரு வருஷ விரதம். ஹார்லன் தேதி போட மறந்திருந்தார். வேறொருவர் என்றால் தொலைபேசியில் ஒரு நிமிஷ வேலை. லுவெல்லா வில்மரை வரவழைத்தாள்.

“தேதி இல்ல சித்தப்பா. ஹார்லன் நேர்ல வந்து போடணும். அதுவும் நீங்களே கூட்டிட்டு வந்து, உங்க முன்னாடி போடணும். சட்டம்.”

அப்படியொரு சட்டம் அந்த நொடி வரைக்கும் இல்லை. அவள் வாழ்க்கையில் இயற்றிய ஒரே சட்டம் அதுதான்.

“அந்த வேலித் திருடனையா?”

“உங்களைத் தவிர வேற யார் கூப்பிட்டாலும் செல்லாது.”

நான்கு நாள் வில்மர் வரவில்லை. நான்கு நாளும் லுவெல்லா மத்தியானச் சாப்பாட்டைத் தொடாமலே வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போனாள். ஐந்தாம் நாள் வாசலில் ஒரே வண்டியிலிருந்து இரண்டு கிழவர்கள் இறங்கினார்கள், வேலியைப் பற்றிக் கத்திக்கொண்டே.

ஹார்லன் பேனாவை எடுத்தார். கீழே வைத்தார்.

“வில்மர், உனக்குத் துப்பாக்கி குடுக்காதீங்கன்னுதான் நான் எழுதியிருக்கேன்.”

“உனக்கென்னடா அவ்வளவு வயித்தெரிச்சல்?”

“உன்கிட்ட ஒரு கோழி கூட இல்லடா.”

வில்மர் கண்ணாடித் தடுப்பைப் பார்த்தார். லுவெல்லா எதையும் தேடாமல் மேஜை இழுப்பறைக்குள் தேடினாள். அவர் கை தடுப்பின் இடுக்கு வழியாக வந்தது.

“மனுவைக் குடும்மா.”

கொடுத்தாள். நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஹார்லன் அவருடைய தொப்பியை எடுத்து நீட்டினார்.

“வா, நம்ம வீட்ல சாப்பிட்டுட்டுப் போ.”

“உன் பொண்டாட்டி சூப்பு ஒரே உப்பு. ஊருக்கே தெரியும்.”

“அதனாலதான்டா துணைக்கு ஆள் தேடறேன்.”