மேலே திருப்பிய கண்ணாடி

எந்த வாடகைக் காரில் ஏறினாலும் என் கண் முதலில் போவது ஓட்டுநரின் நெற்றிக்கு நேரே தொங்கும் சின்னக் கண்ணாடிக்குத்தான். அதில் ஒரு ஜோடி கண்கள் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும், பின்னால் வருவதைப் பார்க்கத்தானே அதை மாட்டியிருக்கிறார்கள். ஆனால் ஆறு வருடம் நான் போய்வந்த ஜீப்பில் அந்தக் கண்ணாடி பாதி நேரம் கூரையைப் பார்த்தபடி இருக்கும். பின் இருக்கையில் ஒரு குழந்தை வந்து உட்கார்ந்ததும் டிரைவர் அண்ணன் கையை உயர்த்தி அதை மேலே திருப்பிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

புனேயில் குழந்தைகள் பாதுகாப்புக்கான ஒரு சிறிய அமைப்பில் நான் சமூகப் பணியாளர். அடிபட்ட, கைவிடப்பட்ட, வீட்டை விட்டு ஓடிவந்த குழந்தைகளைக் கூட்டிவந்து காப்பகத்தில் சேர்ப்பதும், விசாரித்து அறிக்கை எழுதுவதும் என் வேலை. அந்தக் குழந்தைகளை ஏற்றி இறக்குவது அண்ணனின் வேலை. அவருடைய தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து ராணுவத் தளவாட வேலைக்கு வந்து புனேயை ஒட்டிய தேஹு ரோடு என்கிற ஊரில் தங்கிவிட்ட குடும்பம். நானோ கணவரின் கம்ப்யூட்டர் வேலைக்காகக் கோயமுத்தூரிலிருந்து வந்து வாகட்டில் பதினோராவது மாடியில் குடியேறியவள். அலுவலகத்தில் மராத்தியும் இந்தியும்தான். ஜீப்பில் மட்டும் எங்கள் இருவருக்கும் தமிழ் வாய்க்கும். என் பேச்சைக் கேட்டு அவர் சிரிப்பார். "இன்னா மேடம், உங்க ஊர்ல திட்றதுன்னாகூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவீங்களா?" என்பார்.

முதல் முறை அவர் கண்ணாடியைத் திருப்பியபோது நான் நிஜமாகவே திட்டினேன், 'ங்க' போட்டுத்தான். பின்னால் லாரி வந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "சைடு கண்ணாடி ரெண்டு கீதே மேடம், அது போதும். ஸீட்ல குந்திகினு வர்ற புள்ளைக்கு, எவனோ ஒருத்தன் நம்மளயே பாத்துகினு வர்றான்னு தோணக் கூடாது. அதுங்கள நெறைய பேர் பாத்துட்டாங்க" என்றார். என் பட்டப் படிப்பின் எந்தத் தாளிலும் அது இல்லை.

அப்படி எங்களிடம் வந்த ஒரு பெண் குழந்தைக்கு ஏழு வயது. அலுவலகத்தில் மூன்று வாரம் பொம்மை கொடுத்துப் பார்த்தோம், படம் வரையச் சொன்னோம், ஆலோசகரை வரவழைத்தோம், வாயே திறக்கவில்லை. ஒரு நாள் மருத்துவப் பரிசோதனை முடிந்து ஜீப்பில் திரும்பும்போது, பிம்ப்ரி தாண்டியதும், ஜன்னலைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தாள். மராத்தியில், பள்ளிப் பாடத்தை ஒப்பிப்பதுபோல ஒரே சுருதியில், சித்தப்பா வீட்டில் நடந்ததையெல்லாம் சொன்னாள். நான் மடியில் நோட்டு வைத்து எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியாக, "என்னைத் திரும்ப அங்கே கொண்டுபோய் விடாதீங்க" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. அண்ணனின் பிடரி மட்டும் எனக்குத் தெரிந்தது. அது அசையவே இல்லை.

அவள் சொன்னதை வரி விடாமல் அறிக்கையில் எழுதினேன். மேலே, குழந்தைகள் நலக் குழுவுக்கு அனுப்பினோம், முறையிட்டோம். போதிய ஆதாரம் இல்லை என்று, உறவினரிடமே ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. தளேகாவில் சித்தப்பா வீட்டு வாசலில் ஜீப் நின்றது. அவள் இறங்கவில்லை. அழவும் இல்லை. முன் இருக்கையின் முதுகுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என் கையில் கோப்பு, பை, கையெழுத்து வாங்க வேண்டிய தாள்கள். வாசலில் சித்தப்பா சிரித்தபடி நின்றிருந்தார். "அண்ணா, அவ கையக் கொஞ்சம் எடுத்து உடுங்ணா" என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு குனிந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். திரும்பும் வழியெல்லாம் நாங்கள் தமிழிலும் பேசவில்லை.

ஒரு மாதம் கழித்து நலம் விசாரிக்கப் போனோம். வீடு பூட்டிக் கிடந்தது. காலி செய்துவிட்டார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. போலீஸில் புகார் கொடுத்தோம், இன்றுவரை தகவல் இல்லை. அண்ணன் வார விடுமுறையில் ரயிலேறிப் போய் அந்தத் தெருவில் நின்றுவிட்டு வருகிறார் என்று வெகுநாள் கழித்துத்தான் கேள்விப்பட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அலுவலகத்தில் எங்களுக்காக இரண்டு நாள் பயிற்சி ஏற்பாடானது. மனக்காயம் பட்டவர்களோடு வேலை செய்வது எப்படி, வேலை செய்கிறவர்கள் தங்களைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று. கலந்துகொள்கிறவர்களின் பட்டியலை நான்தான் தயாரித்தேன். முந்தின நாள் அண்ணன் வந்து கதவருகில் நின்றார். "நானும் உள்ள வந்து குந்தட்டுமா மேடம்? கடைசில ஒரு மூலையில. பேச மாட்டேன்."

நான் சிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பு என் காதில் கேட்கிறது. "உங்களுக்கு எதுக்குங்ணா அதெல்லாம்? எல்லாம் காலேஜ் பாடமாட்டத்தான் இருக்கும். தூக்கம் வந்துரும்" என்றேன். "சரி மேடம்" என்று போய்விட்டார். மறுநாள் எங்களுக்கு வடாபாவும் சாயாவும் வாங்கிவந்து வைத்துவிட்டு வெளியே போனார்.

பயிற்சி தந்த அம்மாள் மும்பையிலிருந்து வந்திருந்தார், மென்மையாகப் பேசினார். கேட்கிறவர்களுக்கும் காயம் படும், காதில் விழுந்தது உடம்பில் போய்த் தங்கும், அதை யாரிடமாவது இறக்கிவைக்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள் என்றார். நல்ல வாக்கியம் என்று நான் நோட்டில் அடிக்கோடிட்டு எழுதினேன். எழுதிவிட்டு நிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே ஜீப். பின்கதவைத் திறந்துபோட்டு, முன் இருக்கையின் முதுகுக் கம்பியை அண்ணன் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொன்னால் பொய். எழுந்து போய் அவரைக் கூப்பிட முப்பது அடி நடந்தால் போதும். அடுத்த பயிற்சிக்கு எல்லோரும் வட்டமாக உட்காரச் சொன்னார்கள், நானும் போய் உட்கார்ந்தேன்.

இரண்டு மாதத்தில் அது நடந்தது. ஒரு சின்னப் பையனைக் காப்பகத்துக்குக் கூட்டிப்போகிறோம். பையன் பயத்தில் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்தான். பிம்ப்ரியில், மெட்ரோ தூண்களுக்கு நடுவே, பட்டப்பகலில் ஜீப் நின்றுவிட்டது. சுற்றிலும் பஸ்ஸும் ஸ்கூட்டருமாக ஹார்ன் அடித்தார்கள். அண்ணன் நேரே பார்த்தபடி இருந்தார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. போக்குவரத்துக் காவலர் கதவைத் திறந்து, ஸ்டியரிங்கிலிருந்து அவர் விரல்களைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

அலுவலகக் கூட்டத்தில் ஒருவர் குடித்திருப்பார் என்றார், இன்னொருவர் கண்பார்வையைச் சோதிக்கச் சொன்னார். அவர் வாழ்நாளில் குடித்ததில்லை என்று எனக்குத் தெரியும். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டவள்போல உட்கார்ந்திருந்தேன். பேசினால், கம்பியிலிருந்து விரலைப் பிரிக்கச் சொன்னது யார், பட்டியலில் பெயர் விட்டது யார் என்பதும் வெளியே வரும். அந்த மாதக் கடைசியில் அவரே சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது நானும் அந்தப் பயிற்சிகளை நடத்துகிறேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர், சமையல்காரம்மா, வாட்ச்மேன் எல்லோருக்கும் முன்வரிசையில் நாற்காலி போட வேண்டும் என்று மட்டும் பிடிவாதம் பிடிக்கிறேன். போன மாதம் அப்படி ஒன்றுக்கு அவரை அழைக்கத் துணிந்து தேஹு ரோடு போனேன். மச்சானின் மாவு மில்லில் வேலை செய்கிறார். தலையெல்லாம் மாவு, அதற்குக் கீழேயும் வெள்ளைதான். வண்டி எதிலும் ஏறுவதில்லையாம், எங்கும் நடைதான் என்று அவர் மனைவி சொன்னார். நான் மன்னிப்புக் கேட்கத் தயார் செய்துகொண்டு போன வாக்கியங்களில் ஒன்றைக்கூட அவர் சொல்லவிடவில்லை. மில் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தப் புள்ள கெடச்சுதா மேடம்?"

இல்லை என்று தலையசைத்தேன். "சரி மேடம்" என்றார். அதே "சரி மேடம்". பிறகு உள்ளே போய்விட்டார்.

திரும்பி வாகட் வர ஒரு கார் பிடித்தேன். ஓட்டுநர் இளைஞர். கண்ணாடியில் அவர் கண்கள். நெடுஞ்சாலை ஏறியதும் முன்னால் சாய்ந்தேன். "தம்பி, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் மேலே திருப்பிவிடுங்கள்" என்று இந்தியில் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் திருப்பினார். கூரையின் சாம்பல் துணி அதில் தெரிந்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அழுதேன். கொஞ்ச தூரம் போனபின் அவர் சாலையிலிருந்து பார்வையை எடுக்காமல், "என்ன ஆச்சு தீதி?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. "ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை" என்பதுவரை சொல்லியும்விட்டேன். அப்போது ஸ்டியரிங்கின் மேல் இருந்த அவர் விரல்கள் கண்ணில் பட்டன.

"ஒன்றுமில்லை தம்பி, நீங்கள் ஓட்டுங்கள்" என்றேன்.