கக்கத்தில் சேவல்

எங்கள் வீட்டுப் பின்பக்கம் திரிந்த சேவலை அடிக்க எங்கள் தெருவில் யாருக்கும் கை வரவில்லை. அதன் காலில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. ஊர் அம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் என்பதற்கு அதுதான் அடையாளம். கட்டியது நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

என் வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்கிறவர். போன வருஷம் ஏனாத்தூர் பக்கம் ஒரு வீட்டு வேலையில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். தொடை எலும்பு முறிந்து, காஞ்சிபுரத்தில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். அவரை உள்ளே கொண்டுபோனதும் நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, எங்கள் ஊர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"ஆத்தா, இந்த மனுசன் கால் சரியாவட்டும். ஆடி மாசம் கூழு ஊத்துற அன்னிக்கு அவரே சேவலத் தூக்கிக்கினு நடந்து வந்து உன் வாசல்ல வுடுவாரு."

ஒரு சேவல் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் போதும். 'அவரே தூக்கிக்கொண்டு நடந்து' என்று எதற்குச் சேர்த்தேனோ, அம்மன் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும், கோழிகளோடு வளர்ந்துகொண்டிருந்த ஒரு விடலைச் சேவலுக்கு மஞ்சள் துணி கட்டினேன். அன்றோடு அதற்கு யோகம் அடித்தது. அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது. கூடையைப் போட்டு மூடலாம் என்று போனால் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து, "சாமி கோழிய மூடி வச்சா ஆத்தா கோச்சுக்கும், தெரிமா?" என்பாள். அது எதிரே வந்தால் எல்லோரும் பயபக்தியோடு ஒதுங்கி வழி விட்டார்கள். சிலிண்டர் போட வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு நின்றார். நாம் மரியாதைக்கு ஒதுங்குகிறோம் என்று கோழிக்கு எப்படித் தெரியும்? எல்லோரும் தன்னைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று அது முடிவு கட்டிவிட்டது.

கொண்டை சிவந்து கால் முள் வளர்ந்ததும் ஆட்டம் ஆரம்பமானது. முதலில் கணுக்காலில் கொத்தியது. பிறகு கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பறந்து வந்து இரண்டு காலாலும் அடித்தது. என் முழங்காலுக்குக் கீழே இன்னும் தழும்பு இருக்கிறது. உன் பிள்ளையைக் கொஞ்சம் கண்டித்து வை என்று அம்மனிடமே போய்ச் சண்டை போட்டேன்.

என் கால் போனால் போகட்டும். பாத்ரூம் பின்பக்கம், முருங்கை மரத்தைத் தாண்டி இருந்தது. என் வீட்டுக்காரர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அதுவரை நடந்தாக வேண்டும். சேவலுக்கு அந்த வாக்கரைக் கண்டாலே ஆகாது. டக் டக் என்று சத்தம் கேட்டதும் எங்கிருந்தாலும் வந்துவிடும். ஒருநாள் அது பாய்ந்ததில் அவர் சாயப் போய்விட்டார். நான் பக்கத்தில் இருந்ததால் தாங்கிப் பிடித்தேன். அதற்கப்புறம் அவர் தனியாக வெளியே கால் வைக்கவில்லை.

நான் திருப்புலிவனம் பக்கம் களையெடுக்கப் போய்விட்டுத் திரும்பினால், கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்த சொம்பில் தண்ணீர் அப்படியே இருக்கும். தாகமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது. ஒருநாள் விடாமல் பிடித்துக் கேட்டேன்.

"குடிச்சா வெளிய போவணும். நீயும் வூட்ல இல்ல. வுழுந்து கெடந்தா யாரு தூக்குவா?" என்றார்.

நடக்காமலே இருந்தால் முட்டி மடங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். சாரம் ஏறிய மனிதர் ஒரு சொம்புத் தண்ணீருக்குப் பயந்து கிடக்கிறார்.

சாமியாவது பூதமாவது என்று மறுநாள் காலை பின்பக்கம் போய், பாய்ந்து வந்த சேவலை இறக்கையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்தேன். கயிற்றைத் தேடும்போது போன் அடித்தது. பழையசீவரத்தில் வாக்கப்பட்டிருக்கிற என் தங்கச்சி. சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனை எடுத்தேன்.

"இன்னாக்கா, மாமா எப்டி கீறாரு?" என்று கேட்டாள். அவ்வளவுதான் அவள் கேட்டது. நான் சேவல், சொம்பு, உதடு என்று எல்லாவற்றையும் கொட்டி, அழுது, மூக்கைச் சிந்திக்கொண்டே பின்பக்கம் முழுக்க நடந்தேன். கக்கத்தில் உதைத்துக்கொண்டிருந்தது கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. போனை வைத்துவிட்டுக் கீழே விட்டபோது, உடம்பை ஒரு உதறு உதறிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போய்க் கிளற ஆரம்பித்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கட்டிப்போடும் யோசனையை விட்டுவிட்டேன். மறுநாளும் அப்படியே கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தேன். வாய் சும்மா இருக்குமா, அதையே திட்டிக்கொண்டு நடந்தேன்.

"போனும் இல்ல, யாரு கூட பேசிக்கினு கீறமே?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. விபத்துக்குப் பிறகு அவர் கேலி பேசியது அன்றுதான்.

சீக்கிரமே அது எனக்கு அடங்கிவிட்டது. ஆனால் வாக்கர் சத்தம் கேட்டால் பழையபடி சிலிர்த்தது. அவரவர் கணக்கை அவரவர்தான் தீர்க்க வேண்டும் போலிருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்திருந்தவரின் கக்கத்தில் கொண்டுபோய்ச் சேவலைத் திணித்தேன். முதலில் இரண்டு பேருமே விறைத்துக்கொண்டு இருந்தார்கள். அப்புறம் தினமும் அவரே கேட்க ஆரம்பித்தார். சில நாளில் சேவல் தானாகவே கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பினால் கட்டில் காலியாக இருந்தது. பின்பக்கம் ஓடினேன். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கக்கத்தில் சேவலோடு அவர் நடந்துகொண்டிருந்தார். வாக்கருக்கு இரண்டு கை வேண்டுமே, அதை வாசற்படியிலேயே விட்டுவிட்டிருந்தார்.

"அத்த கீழ வுட்டுட்டு நடய்யா."

"கம்முனு இருமே. நான் வுழுந்தா இதுவும் வுழும். அந்த பயத்துல கால் தானா நேரா போவுது."

உள்ளே வந்து பார்த்தேன். சொம்பு காலி. மறுபடியும் நிரப்பி வைத்தேன்.

ஆடியில் கூழ் ஊற்றிய அன்று, ஒரு கையில் கைத்தடி, மறு கக்கத்தில் சேவலோடு கோயில்வரை நடந்தே வந்தார். பம்பைச் சத்தத்துக்குக்கூட அது அசையவில்லை. "வெட்டணுமா, உசுரோட வுடணுமா?" என்று பூசாரி கேட்டார். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

"வுடுவாருன்னுதான் வேண்டிக்கினேன்" என்றேன். அந்த ஒரு வார்த்தையையாவது சரியாகச் சொல்லியிருந்தேன்.

கூழ் முடிந்து சில நாளில் பூசாரி போன் செய்தார். "உங்க சேவல் பெரிய பேஜாரா கீதும்மா. கற்பூரம் ஏத்த வர்றவங்களையெல்லாம் வெரட்டுது. வந்து இன்னான்னு கேளுங்க."

அன்று முதல் தினமும் சாயங்காலம் என் வீட்டுக்காரர் கோயிலுக்குப் போகிறார். சேவலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறார். துணைக்கு வரட்டுமா என்று முதல் நாள் கேட்டேன். "நீ எதுக்கு? சோத்தை ஆக்கு" என்றார். இவ்வளவு வாயா என்று திட்டிவிட்டு, தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாக்கர் பின்பக்கச் சுவரோரம் கிடக்கிறது. கோழிகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து எச்சம் போட்டு வைத்திருக்கின்றன. கழுவ வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். இன்னும் கழுவவில்லை.