இருட்டக்காவின் வெள்ளைக் குப்பி

எங்கள் ஆய்வகத்தில் அவளுக்குப் பெயரே இருட்டக்கா. சன்னலுக்குக் கறுப்புத் துணி, தலைக்கு மேல் ஒரு சிவப்பு பல்பு, அதன் கீழே வேலை. கதவைத் தட்டாமல் திறந்தவன் தொலைந்தான்.

எண்ணெயையும் தண்ணீரையும் சேர்ந்து வாழவைப்பது அவள் வேலை. ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காவல் நிற்கும். மக்காச்சோளப் புரதத்தில் செய்தவை. உடம்புக்குக் கெடுதல் இல்லை. நீல வெளிச்சம் பட்டால் அவை விலகும், துளி உடையும், உள்ளே இருக்கும் மருந்து வெளியே வரும். ஆறாத புண்ணில் தடவிவிட்டு, வேண்டும்போது விளக்கைக் காட்டினால் போதும்.

ஆனால் அந்தப் பாழாய்ப்போன கலவை ஃபிரிட்ஜில் வைத்தால் காலைக்குள் தானாகவே பிரிந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை தோல் டாக்டர் பார்க்க வருகிறார். அன்றைக்கும் பிரியாமல் நிற்காவிட்டால் இந்த வேலையை மூடிவிட்டு, அக்காவை ஷாம்பு பிரிவுக்கு மாற்றுவதாகத் தலைவர் சொல்லிவிட்டார்.

"இவ்ளோ நாள் மண்டையை ஒடைச்சது ஷாம்பு கலக்கவா?" என்று பொருமினாள். கலவையில் சேர்க்கும் உப்பை மாற்றிப் பார்த்தாள். கலக்கும் இயந்திரத்தை வாய்க்கு வந்தபடி திட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை.

வெளிச்சம் படாமலிருக்க, குப்பியை வெள்ளித் தாளில் சுற்றித்தான் எடுத்துப்போவாள். ஃபிரிட்ஜுக்குள் இருட்டுதானே என்று அங்கே தாளைப் பிரித்துவிடுவாள். வியாழன் மாலை பொறுக்கமாட்டாமல், "உள்ள என்னதான் நடக்குதுன்னு பாத்துடறேன் தம்பி" என்று கைபேசியில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்துக் கதவை மூடினாள்.

எடுத்துப் பார்த்தால், வீடியோ முழுக்க வெளிச்சம்! கதவில் இருந்த சுவிட்ச் சிக்கிக்கொண்டதால் உள்ளே பல்பு அணையவே இல்லை. அந்த வெள்ளை வெளிச்சத்திலும் நீலம் கலந்திருக்கிறதே!

அக்கா தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். "பகல்லாம் இருட்டுல தடவித் தடவி செஞ்சு, ராத்திரி லைட்டைப் போட்டுத் தூங்க வெச்சிருக்கோம் தம்பி!"

பல்பைக் கழற்றினோம். வெள்ளிக்கிழமை குப்பி பால்போல வெள்ளையாக அப்படியே நின்றது. டாக்டர் முன்னால் அக்கா நீல விளக்கைக் காட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு எண்ணெய் மெல்ல மேலே ஏறியது. டாக்டர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேலை தொடரட்டும் என்றார் தலைவர்.

வெளியே ஓடிவந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். "ஏங்க, பிரிஞ்சிடுச்சுங்க!"

தினமும் இதையே கேட்டு நொந்துபோன மனிதர் அவர். "போனா போகுது, விடும்மா. ஷாம்பும் நல்ல வேலைதான்" என்றார்.

"அய்யோ, இல்லீங்க!" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இன்னைக்கு நான் சொன்னப்புறம்தாங்க பிரிஞ்சுது!"