செருப்பை மாட்டிய பிறகு...

போன வாரம் பக்கத்து வீட்டு மலர் லேப்டாப்பும் கையுமாக ஓடி வந்தாள். கைக்குழந்தைக்காரி. எங்கள் ஊர் கச்சிராயபாளையத்தில் வீட்டிலிருந்தபடியே ஒரு சென்னை கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள்.

"அக்கா, அடுத்த மாசத்துலேர்ந்து ஆபீஸுக்கே வரணும்னு சொல்லிட்டாங்க. கொழந்தைய வுட்டுட்டு எப்பிடிக்கா போறது? இல்லன்னா வேலைய வுடணும். மேனேஜருக்கு மெயில் எழுதிக்கினு வந்திருக்கேன். இங்கிலீஷ் தப்பெல்லாம் கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். அம்மாடியோவ்! முழு மெயிலும் ஒரே வாக்கியம். கமா, கமா, கமா... முற்றுப்புள்ளி கடைசியில்தான்.

இங்கிலீஷில் நம்மில் பலர் செய்கிற தப்புதான் இது. வைத்தியமும் சுலபம் – வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒரு விஷயம் முடிந்ததா? புள்ளி வை. யார் செய்தார்கள் என்றே சொல்லாமல் ஒரு வாக்கியம் நிற்கிறதா? ஆளைக் கொண்டுவந்து உட்கார வை. நேற்று நடந்ததும் நாளை நடக்கப்போவதும் முட்டிக்கொள்கிறதா? பிரித்துவிடு. கொஞ்ச நேரத்தில் மெயில் பளிச்சென்று ஆகிவிட்டது.

"இப்ப படி மலரு" என்றேன்.

படித்தாள். மேனேஜரின் நலம், கம்பெனிக்கு நன்றி, மாமியாரின் முட்டிவலி, குழந்தைக்குப் பல் முளைப்பது... ஒரு தப்பு இல்லை. எனக்கோ பெருமை தாங்கவில்லை. ஆனாலும் ஏதோ இடித்தது.

"ஏன்டி, வீட்டுலேர்ந்தே வேலை பாக்கறேன்னு எங்க கேட்டிருக்க?"

"ஐயே... மூஞ்சிக்கு நேரா எப்பிடிக்கா கேக்கறது? இவ்ளோ சொல்றேன், அவரே புரிஞ்சிக்க மாட்டாரா?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊர் வழக்கமே அதுதான். டிராக்டர் இரவல் கேட்க வருகிறவர் மழை, கரும்பு, அணைத் தண்ணீர் எல்லாம் பேசி, காபி குடித்து, வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் "அப்புறம்..." என்று ஆரம்பிப்பார். எடுத்த எடுப்பில் கேட்டால் மரியாதை இல்லையாம்! ஆனால் மெயிலுக்கு ஏது வாசல்? மேனேஜர் இரண்டாவது வரியிலேயே மூடிவிட்டால் இவள் வேலை போச்சே!

வாக்கியத்தைத் திருத்துவதெல்லாம் அப்புறம். கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமா என்ற கேள்வியை எழுதி முதல் வரியில் வைத்தோம். கண்ணை இறுக மூடிக்கொண்டு அனுப்பினாள்.

மறுநாள் சாயங்காலம் வந்தாள். பதில் வந்ததா என்று அவள் முகத்தையே பார்த்தேன். அவளோ கரும்பு வெட்டு பற்றிப் பேசினாள். டவுன் பஸ் வராததைத் திட்டினாள். காபி குடித்தாள். என்ன ஆச்சு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எழுந்து வாசலுக்குப் போனாள். செருப்பை மாட்டினாள். திரும்பினாள்.

"அப்புறம்... சரின்னுட்டாருக்கா!"